குலாம் அகமது: பந்தும் பதவியும்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி துவாசில் நடைபெற்ற தொழிலாளர் கிரிக்கெட் போட்டியின் பரிசளிப்பு நிகழ்ச்சியில் ஆற்றிய உரை)



சங்கத் தலைவர் அவர்களே, ஐம்பது ஆண்டுகளாக இந்தச் சங்கத்தைத் தோளில் சுமந்துவரும் பெரியவர்களே, தாய்மார்களே, காலை எட்டு மணியிலிருந்து துவாஸ் வெயிலில் ஆடிக் களைத்து, பிரியாணிச் சட்டி எப்போது திறக்கும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஆட்டக்காரத் தம்பிகளே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். உங்கள் பசி எனக்குத் தெரியும். சட்டி திறப்பதற்குள் முடித்துவிடுவேன், இன்ஷா அல்லாஹ்.

நான் பேச்சாளன் இல்லை. பலதுறைத் தொழிற்கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு, இரண்டு வருடம் தொழிற்சாலையில் வேலை பார்த்து, பிறகு அத்தாவின் கடைக்கே திரும்பி வந்தவன். இந்த வட்டாரத்துப் பட்டறைகளுக்கும் விடுதிகளுக்கும் பாதுகாப்புக் காலணி, கையுறை, தலைக்கவசம் கொடுக்கிறேன். இங்கே உட்கார்ந்திருக்கும் பாதிப் பேருடைய கால் அளவு எனக்கு மனப்பாடம். பொன்விழாவில் பேச வேண்டும், தலைப்பு உன் விருப்பம் என்று செயலாளர் சொன்னபோது, எனக்குத் தெரிந்த ஒரே விஷயமான கிரிக்கெட்டைத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் சதம் அடித்த கதை வேண்டாம் என்று தோன்றியது. ஆடிவிட்டு நிர்வாகத்துக்குப் போன ஒருவரைப் பற்றிப் பேசுகிறேன். அவர் பெயர் குலாம் அகமது.

இளையவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும்? கை தூக்குங்கள். மூன்று பேர். அதில் ஒருவர் என் தம்பி, அவனுக்கு நேற்று நான்தான் சொன்னேன்.

எனக்கு இந்தப் பெயரைச் சொன்னவர் என் நன்னா. சிங்கப்பூருக்குக் கப்பலேறுவதற்கு முன்னால் அவர் சென்னை மண்ணடியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். 1952 பிப்ரவரியில், வயிற்று வலி என்று முதலாளியிடம் பொய் சொல்லிவிட்டு சேப்பாக்கம் போனார். இந்தியாவும் இங்கிலாந்தும் ஆடிய ஐந்தாவது டெஸ்ட். முதல் நாள் ஆட்டத்தின்போதே லண்டனில் மன்னர் ஆறாம் ஜார்ஜ் இறந்த செய்தி வந்தது. மறுநாளை ஓய்வு நாளாக்கி, மூன்றாம் நாள் தொடர்ந்தார்கள். "ராஜா செத்துப் போயிட்டாரு, அதனால எனக்கு இன்னொரு நாள் பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு" என்று நன்னா சிரிப்பார்.

இந்தியா டெஸ்ட் ஆடத் தொடங்கியது 1932இல். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, அந்தச் சேப்பாக்கம் ஆட்டத்தில்தான் முதல் வெற்றி கிடைத்தது. இங்கிலாந்து 266, 183. இந்தியா 9 விக்கெட்டுக்கு 457. ஓர் இன்னிங்ஸ், 8 ஓட்டங்களில் வெற்றி. முதல் இன்னிங்ஸில் வினூ மன்கட் 55 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுத்தார் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். நன்னா விடமாட்டார். "ரெண்டாவது இன்னிங்ஸ்ல மன்கடுக்கு நாலு, குலாமுக்கும் நாலு. அதை ஏன் யாரும் சொல்றதில்ல?" என்பார். ஆட்ட விவரத்தை எடுத்துப் பார்த்தேன், அவர் சொன்னது சரிதான்: குலாம் அகமது 77 ஓட்டங்களுக்கு 4.

நன்னாவுக்கு அவரைப் பிடித்ததற்குப் பெயரும் ஒரு காரணம் என்று ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்துச் சிறுவனுக்கு அது பெரிய விஷயம். எனக்குப் பெயர் மட்டும் போதவில்லை. அந்த மனிதர் என்ன செய்தார் என்று தேடினேன்.

1922 ஜூலையில் ஹைதராபாத்தில் பிறந்தவர். உயரமான ஆஃப் ஸ்பின்னர். ஹைதராபாத் சமஸ்தானம் ராணுவ நடவடிக்கை மூலம் இந்தியாவுடன் இணைக்கப்பட்டது 1948 செப்டம்பரில். அதே ஆண்டு டிசம்பர் 31ஆம் தேதி, கல்கத்தாவில் மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக அவர் இந்தியாவின் தொப்பியைப் போட்டுக்கொண்டு இறங்கினார். நடுவில் மூன்றே மாதம். ஹைதராபாத் வீடுகளில் அந்த மூன்று மாதம் எப்படிப் போயிருக்கும் என்று இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எதிரே மட்டை பிடித்தவர் எவர்டன் வீக்ஸ். அந்த ஆட்டத்தில் இரண்டு இன்னிங்ஸிலும் சதம் அடித்தார். முதல் ஆட்டத்துக்கு நல்ல வரவேற்பு!

ஒரு ரஞ்சி ஆட்டத்தைச் சொல்ல வேண்டும். 1950-51, இந்தூரில் ஹோல்கர் அணிக்கு எதிராக. ஒரே இன்னிங்ஸில் அவர் போட்டது 92 ஓவர் 3 பந்து. தொழிலாளர் தம்பிகள் நான்கு ஓவர் போட்டுவிட்டு 'தோள் வலிக்குது பாய்' என்று என்னிடம் வருகிறீர்கள். 555 பந்து! கொடுத்த ஓட்டம் 245, கிடைத்த விக்கெட் நாலு. வேறொருவர் என்றால் பந்தைக் கேப்டன் கையில் கொடுத்துவிட்டு எல்லைக்கோட்டுக்குப் போயிருப்பார். உலக அளவில் முதல்தர ஆட்டத்தில் ஓர் இன்னிங்ஸில் அதுவரை யாரும் அத்தனை ஓவர் போட்டதில்லை.

1952 இங்கிலாந்துப் பயணத்தில் ஹெடிங்லி டெஸ்டில் 100 ஓட்டங்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அந்த ஆட்டத்தை உலகம் வேறு காரணத்துக்காக நினைவில் வைத்திருக்கிறது. இரண்டாவது இன்னிங்ஸில் இந்தியா ஓட்டமே எடுக்காமல் நான்கு விக்கெட் இழந்தது. பந்துவீச்சாளர் ஐந்து எடுத்த நாளில் மட்டையாளர்கள் இப்படிச் செய்தால் என்ன ஆகும்? அவர் எடுத்த ஐந்து யாருக்கும் ஞாபகமில்லை.

அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் பாகிஸ்தானின் முதல் டெஸ்ட். எதிர் அணியின் கேப்டன் அப்துல் ஹஃபீஸ் கர்தார், 1946இல் இந்தியாவுக்காக இங்கிலாந்தில் ஆடியவர். நம் ஆளுக்கு மட்டை பிடிப்பது சுமாராகத்தான் வரும், களத்தடுப்பும் அப்படியே. அன்று கடைசி ஆளாக வந்தார். ஹேமு அதிகாரியுடன் சேர்ந்து கடைசி விக்கெட்டுக்கு 109 ஓட்டங்கள். தன் பங்குக்குச் சரியாக 50. அவருடைய டெஸ்ட் வாழ்க்கையில் அந்த ஓர் அரைசதம்தான். கடைசி விக்கெட்டுக்கு இந்தியாவின் அந்தச் சாதனை 2004இல் டாக்காவில் டெண்டுல்கரும் ஜாகீர் கானும் 133 எடுக்கும் வரை, ஐம்பத்திரண்டு ஆண்டுகள் நின்றது. பிரிவினை முடிந்து ஐந்தே ஆண்டு. குலாம் அகமது என்ற பெயருள்ள ஒருவர் பாகிஸ்தானுக்கு எதிராக மட்டையோடு நின்ற அந்த நேரத்தில், அவருக்கு யார் பக்கம் மனசு என்று அரங்கத்தில் யாராவது முணுமுணுத்திருந்தால், அவர் பதிலாகச் சொன்னது அந்த 50 ஓட்டங்களைத்தான்.

இனி நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். 1955 நவம்பரில் ஹைதராபாத் ஃபதே மைதானத்தில் நியூசிலாந்துக்கு எதிராக அந்த ஊரின் முதல் டெஸ்ட். உள்ளூர்ப் பிள்ளை குலாம் அகமது கேப்டன். அந்த ஆட்டத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் இரட்டைச் சதத்தை அடித்தவர் பாலி உம்ரிகர், 223. சோலாப்பூரில் பிறந்த பார்சி. இந்த இரண்டு பெயரையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சேப்பாக்கம் வெற்றியிலும் இருவரும் இருந்தார்கள். அங்கே உம்ரிகரை முதலில் அணியில் சேர்க்கவே இல்லை. அதிகாரிக்குக் கடைசி நேரத்தில் காயம்பட்டதால் இடம் கிடைத்தது. ஆட்டமிழக்காமல் 130 அடித்தார்.

1958-59 குளிர்காலம். மேற்கிந்தியத் தீவுகள் அணி ஐந்து டெஸ்ட் ஆட வந்தது. வெஸ்லி ஹால், ராய் கில்கிறிஸ்ட் பந்து போட்டால் மட்டையாளர்களுக்குப் பந்து கண்ணில் படாது. பம்பாய் முதல் டெஸ்டில் குலாம் ஆடவில்லை, உம்ரிகர் தலைமை தாங்கினார். கான்பூரிலும் கல்கத்தாவிலும் குலாம் கேப்டன். கான்பூரில் 203 ஓட்டங்களில் தோல்வி. கல்கத்தாவில் ரோகன் கன்ஹாய் 256 அடித்தார். ஓர் இன்னிங்ஸ், 336 ஓட்டங்களில் தோல்வி. தொடரில் இன்னும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது. குலாம் அகமது டெஸ்ட் ஆட்டத்திலிருந்தே விலகிக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 36.

இதைத் தப்பித்துக்கொள்ளுதல் என்று சொல்பவர்கள் உண்டு. நடுத்தொடரில் கேப்டன் போகலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் பார்ப்பது வேறு மாதிரி. அன்றைய வாரியத்தில் பெரிய மனிதர்களின் செல்வாக்கில் பல வருடம் ஒட்டிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். தன் பந்துக்கு அந்த அணியில் இடமில்லை என்று தெரிந்த பிறகு, பதவிக்காக ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்க அவர் விரும்பவில்லை. 22 டெஸ்ட், 68 விக்கெட், இரண்டே ஆண்டுக்கு முன் கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 49 ஓட்டங்களுக்கு 7. இந்தக் கணக்கைக் காட்டி இன்னும் ஒரு வருடம் ஓட்டியிருக்கலாம்.

அடுத்த சென்னை டெஸ்டுக்கு உம்ரிகர் கேப்டன் என்று அறிவித்தார்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரவு, அணித் தேர்வில் வாரியத் தலைவருடன் ஒத்துப்போகவில்லை. நான் கேட்கும் அணி இல்லையென்றால் எனக்குத் தலைமையும் வேண்டாம் என்று அவர் பதவியை விட்டார். மறுநாள் மன்கட் கேப்டன். உம்ரிகர் வீட்டுக்குப் போய்விட்டார் என்று நினைக்கிறீர்களா? இல்லை. சாதாரண ஆட்டக்காரராக மன்கடின் கீழ் களத்தில் இறங்கினார். டெல்லியில் அதிகாரி கேப்டன். ஐந்து டெஸ்டில் நான்கு கேப்டன்கள். நம் சங்கத்தில்கூட ஒரு வருடத்தில் நான்கு தலைவர்கள் வந்ததில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உம்ரிகர் கதை அங்கே முடியவில்லை. 1962இல் மேற்கிந்தியத் தீவுகளில் கேப்டன் நாரி காண்ட்ராக்டருக்குத் தலையில் பந்து பட்டு உயிர் ஊசலாடியது. தலைமை 21 வயது பட்டோடிக்குப் போனது. 36 வயது உம்ரிகர் அந்தப் பையனின் கீழ் ஆடி, போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஐந்து விக்கெட் எடுத்து, 56உம் ஆட்டமிழக்காமல் 172உம் அடித்தார். மூத்தவர் இளையவரின் கீழ் எப்படி வேலை செய்வது என்று கேட்பவர்களுக்கு நான் அந்த ஆட்ட விவரத்தைக் காட்டுவேன்.

இந்த இரண்டு பேரும் பிற்காலத்தில் இந்திய கிரிக்கெட் வாரியத்தின் நிர்வாகத்தில் உட்கார்ந்தார்கள். உம்ரிகர் வாரியத்தின் நிர்வாகச் செயலாளர், தேர்வுக்குழுத் தலைவர். குலாம் அகமது 1975 முதல் 1980 வரை வாரியத்தின் கௌரவச் செயலாளர். கௌரவம் என்றால் சம்பளம் இல்லை என்று அர்த்தம், நம் சங்கத்தில் இருப்பதைப் போல. அன்றைய வாரியம் இன்றைய வாரியம் அல்ல. 1983இல் உலகக் கோப்பை வென்ற பிள்ளைகளுக்குப் பரிசு கொடுக்கக் காசில்லாமல், டெல்லியில் லதா மங்கேஷ்கர் கச்சேரி நடத்தித்தான் ஆளுக்கு ஒரு லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

குலாம் செயலாளராக இருந்த காலத்தில்தான் 17 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு இந்தியாவும் பாகிஸ்தானும் மீண்டும் ஆடத் தொடங்கின. 1978இல் இந்தியா அங்கே போனது. 1979-80இல் பாகிஸ்தான் இங்கே வந்தது. வந்த அணியின் கேப்டன் ஆசிஃப் இக்பால். யார் அவர்? ஹைதராபாத்தில் பிறந்து, 1961இல் பாகிஸ்தானுக்குக் குடிபெயர்ந்தவர். குலாம் அகமதுவின் மருமகன் முறை. ஒரு பக்கம் மாமா வாரியச் செயலாளர், மறுபக்கம் மருமகன் எதிர் அணிக் கேப்டன். கோடு போட்டு நாட்டைப் பிரிக்கலாம், சொந்தத்தைப் பிரிக்க முடியாது என்பது நம் குடும்பங்களுக்குத் தெரியும். ஜொகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி என்று எத்தனை வீடு இருக்கிறது! அந்தத் தொடரில் இந்தியா பம்பாயிலும் சென்னையிலும் வென்றது. உறவு உறவாக இருந்தது, ஆட்டம் ஆட்டமாக நடந்தது.

அவரை அவுலியா ஆக்குவதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அவர் செயலாளராக இருந்த அதே 1979இல், இங்கிலாந்துப் பயணம் முடிந்து திரும்பிய நம் சென்னை வெங்கட்ராகவன், தன் கேப்டன் பதவி போன செய்தியை விமானத்தில் விமானியின் அறிவிப்பில் கேட்டுத் தெரிந்துகொண்டார். நல்லவர்கள் உட்கார்ந்திருக்கும் குழுவும் ஒரு மனிதனிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடும். இதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக 1983. கபில் தேவ் அணியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் குலாம் அகமது. கபிலுக்கு 24 வயது. அந்த அணியை உலகத்தில் ஒருவரும் மதிக்கவில்லை. சென்னையிலிருந்து ஸ்ரீகாந்த் இருந்தார், ரோஜர் பின்னி, சையத் கிர்மானி, பல்விந்தர் சந்து இருந்தார்கள். ஜூன் 25ஆம் தேதி லார்ட்சில் 183 ஓட்டங்களை வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவுகளை 140இல் சுருட்டினார்கள். எந்த அணியிடம் தோற்று 36 வயதில் குலாம் வெளியே போனாரோ, அதே நாட்டு அணி. கோப்பையைத் தூக்கிய படத்தில் அவர் இல்லை. 1998 அக்டோபரில் ஹைதராபாத்தில் காலமானார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லாமல் இறங்கினால் இவ்வளவு பேசியதற்கு அர்த்தமில்லை.

நான்கு வருடத்துக்கு முன்னால், சங்கங்களுக்கிடையிலான போட்டிக்கு நம் அணியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. பத்துப் பேர் முடிவாகிவிட்டார்கள். பதினோராவது இடத்துக்கு இருவர். ஒருவர் இங்கே கப்பல் பட்டறையில் வெல்டர், திருவாரூர்ப் பக்கம் ஊர். ஆஃப் ஸ்பின். டேப் ஒட்டிய டென்னிஸ் பந்திலேயே திருப்புவார். ஞாயிற்றுக்கிழமை லாரி நிறுத்துமிடத்தில் அவர் பந்தைப் பார்த்துவிட்டு நானே அழைத்து வந்தவர். இன்னொருவன் என் அக்கா மகன். நல்ல பையன். பந்து நேராகப் போகும், அவ்வளவுதான்.

நான் அக்கா மகனைப் போட்டேன். வெல்டர் தம்பியிடம், "அடுத்த வருஷம் கண்டிப்பா" என்றேன். "சரி பாய்" என்றார். போட்டி நாளன்று துவாஸ் லிங்க் நிலையத்திலிருந்து முதல் ரயில் பிடித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து தேக்காவுக்கு வந்து, தண்ணீர்ப் பெட்டியைத் தூக்கினார், கூடாரம் போட்டார், எங்கள் பையன்களுக்குக் கை தட்டினார். நாங்கள் தோற்றோம். ஜெயித்திருந்தாலும் நான் செய்தது அதேதான். அடுத்த வருடம் வருவதற்குள் அவருடைய வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டார். எனக்கு அடுத்த வருடம் என்பது காலண்டரில் ஒரு தாள். அவருக்கு அது இல்லாத ஒன்று.

பொறுப்பு ஓர் அமானிதம் என்று ஜும்மாவில் எத்தனை முறை கேட்டிருக்கிறேன்! ஹஜ்ரத் சொல்லும்போது பெரிய பெரிய பதவிகள்தான் கண்ணில் வரும். பதினோராவது ஆளின் பெயரை எழுதும் பேனாவும் அதில் சேர்த்தி என்று அப்போது உறைக்கவில்லை.

இந்த வருடம் தேர்வை வேறு மாதிரி நடத்தினோம். பெயர் இல்லை, ஊர் இல்லை, எந்த முதலாளியின் ஆள் என்பது இல்லை. முதுகில் எண் மட்டும். மூன்று பேர் தனித்தனியாக மதிப்பெண் போட்டார்கள். அந்த மூவரில் நான் இல்லை, ஏனென்றால் அக்கா மகன் மறுபடியும் வந்திருந்தான். 14ஆம் எண். அவனுக்கு இடம் கிடைக்கவில்லை. அவன் புரிந்துகொண்டான். இன்று ஸ்கோர் எழுதியது அவன்தான். அக்காதான் இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. நோன்புப் பெருநாளுக்குள் சரியாகிவிடும் என்று மச்சான் சொல்கிறார்.

இன்னொன்று. செயற்குழுப் பொறுப்புகளை இரண்டு தவணைக்கு மேல் ஒருவரே வகிக்கக் கூடாது என்ற திருத்தம் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு வருகிறது. அதைப் பற்றி கடைகளில், தேநீர் மேசைகளில் என்னென்ன பேச்சு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். மூத்தவர்களை வெளியே தள்ளும் சதி என்கிறார்கள். பெரியவர்களே, நான் உங்கள் மடியில் வளர்ந்தவன். இந்தச் சங்கத்துக்கு நாற்காலி வாங்கக் காசில்லாத காலத்தில் நீங்கள் பாய் விரித்து உட்கார்ந்து கூட்டம் நடத்தியதை அத்தா சொல்லிச் சொல்லிக் கேட்டவன். உங்களை யார் வெளியே தள்ள முடியும்? உம்ரிகர் கேப்டன் பதவியை விட்ட மறுநாளும் களத்தில்தான் நின்றார். ஆனால் பதவி காலியாகாமல் இளையவர்கள் எங்கே வந்து தவறு செய்து பழகுவது? நான் செய்த தவறையும் ஒரு பதவி கொடுத்ததால்தான் செய்ய முடிந்தது.

அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாகக் கை தூக்கப்போகிறேன். தூக்குவதற்கு முன் என் கணக்கைத் தீர்க்க வேண்டும் அல்லவா? விளையாட்டுத்துறைச் செயலாளராக மூன்று தவணை முடித்துவிட்டேன், ஆறு வருடம். எனக்கும் இப்போது 36 வயது. பொதுக்கூட்டம் வரை காத்திருக்காமல் இன்றோடு விலகுகிறேன். தலைவரிடம் காலையிலேயே கடிதம் கொடுத்துவிட்டேன், அவர் இன்னும் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். மாமா, கோபப்படாதீர்கள். அடுத்த ஞாயிறும் நான் வருவேன், தண்ணீர்ப் பெட்டி என் வண்டியில்தான் வரும்.

புதிதாக வருபவருக்கு ஒரு தகவல். இரண்டு கிட் பைகளும் என் கடையில், மாடிப்படிக்குக் கீழே இருக்கின்றன. மட்டை ஏழு, கால் காப்பு நான்கு ஜோடி, ஸ்டம்ப் இரண்டு செட், அதில் ஒன்று உடைந்தது. கணக்குப் புத்தகத்தில் இருப்பதை விட ஆறு பந்து குறைகிறது. அந்த ஆறு பந்துக்கும் பணத்தை நான் பொருளாளரிடம் கட்டிவிடுகிறேன். சாவி இதோ, மேசையில் வைக்கிறேன்.

பிரியாணி வந்துவிட்டது போலிருக்கிறது. வஸ்ஸலாம்.